கணினியின் முதல் அடி

நேயர்கள் பலரும் கைப்பம்பைக் கண்டிருப்பர். கோடையிலே நெடுநாள் ஓய்ந்து கிடந்த பம்பை எவ்வளவு வலித்து அடித்தாலும் நீர் வாராது. மேலே ஒரு செம்பு நீரை ஊற்றி அடித்தால், உள்ளே உலர்ந்து கிடந்த தோல் நனைந்து இறுகும்; கீழிருக்கும் நீர் மேலேறி வரும். நீரைப் பெறுவதற்கே முதலில் சிறிது நீர் வேண்டியிருக்கிறது. கணினியின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

கணினி என்பது கட்டளைகளை நிறைவேற்றும் பொறி. வன்தட்டிலே இருக்கும் கட்டளைகளைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதற்கும் ஒரு கட்டளைத் தொடர் தேவை. மின்சாரம் பாயும் அக்கணத்திலோ நினைவகம் வெறுமையாக இருக்கிறது. அப்படியானால் அந்த முதற் கட்டளைத் தொடரை ஏற்றுவது எது? இச்செயலுக்கு ஆங்கிலத்தார் ‘பூட்ஸ்ட்ராப்’ என்று பெயரிட்டனர். தன் காலணியின் வாரைத் தானே பற்றி இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்ளுதல் என்னும் வேடிக்கையான வழக்கிலிருந்து பிறந்தது அப்பெயர். அதுவே நாளடைவில் ‘பூட்’ என்று சுருங்கிற்று.

இன்று லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் எழுதி, அதைக் கொண்டே கணினியைத் துவக்குவது எளிய செயலாகிவிட்டது. ஆனால் அதற்குரிய வழிகளோ பல. எந்த வழியைத் தேர்வது என்று புதியவர்கள் திகைக்கின்றனர். இவ்வழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தின் தேவையிலிருந்து பிறந்தவை. ஆகவே, அவற்றின் வரலாற்றை அறிந்தவர்க்குத் தேர்வு எளிதாகும். அவ்வரலாறு மற்றோர் உண்மையையும் உணர்த்தும்: முதல் அடி எவர் கையில் இருக்கிறதோ, பொறி முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

முதற் கணினிகளிலே இந்த முதல் அடியை மனிதனே தன் விரல்களால் எடுத்து வைத்தான். 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் கணினியின் முகப்பிலே 12 சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. அவற்றை மேலும் கீழுமாக அமைத்து, ஒவ்வொரு கட்டளையாக நினைவகத்தில் இடவேண்டும். இருபதுக்கும் குறைவான கட்டளைகளை இங்ஙனம் இட்டபின், அக்கட்டளைகள் காகித நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படித்துக்கொள்ளும். 1975-ஆம் ஆண்டில் வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினியிலும் இதே முறைதான். மற்றொரு முறையும் இருந்தது. 1952-ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 701 என்னும் கணினியில், ‘லோடு’ என்னும் பொத்தானை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ முதற் கட்டளை தானே ஏறிவிடும். பிற்காலத்து முறைகள் யாவும் இப்பொத்தானின் வழிவந்தவை எனலாம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘பெர்சனல் கம்ப்யூட்டர்’ வெளிவந்தது. அழியாத நினைவகச் சில்லு ஒன்றிலே ‘பயாஸ்’ என்னும் சிறு நிரலை அதனுள் பொதிந்து வைத்திருந்தனர். மின்சாரம் பாய்ந்தவுடன் பயாஸ் விழித்தெழும். ஃப்ளாப்பித் தட்டின் முதற் பகுதியிலுள்ள 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றிடமே பொறியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வன்தட்டு வழக்கத்திற்கு வந்தபோது, 1983-ஆம் ஆண்டிலே, அதன் முதல் 512 பைட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் தட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரைக்கு.

இம்முறையிலே ஒரு தாராள குணம் இருந்தது. ‘உன்னை எழுதியவர் யார்?’ என்று பயாஸ் ஒருபோதும் கேட்டதில்லை. எவர் எழுதிய நிரலாயினும் அந்த முதற் பகுதியில் இருந்தால் பொறி அதற்குக் கீழ்ப்படிந்தது. இத்தாராளம் இருபுறமும் கூருள்ள கத்தி. 1986-ஆம் ஆண்டில் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெய்ன்’ என்னும் வைரஸ், ஃப்ளாப்பியின் முதற் பகுதியிலே குடிபுகுந்துகொண்டது. அங்கிருந்த உண்மையான நிரலை வேறிடத்திற்குத் தள்ளிவிட்டது. மார்ச் மாதம் 6-ஆம் நாளில் தட்டிலுள்ளவற்றை அழிக்குமாறு எழுதப்பட்ட ‘மைக்கலாஞ்சலோ’ என்னும் வைரஸ் 1992-ஆம் ஆண்டிலே உலகெங்கும் அச்சத்தை விளைத்தது. முதல் அடியைக் கைப்பற்றியவன் பொறியைக் கைப்பற்றினான்.

ஆனால் அதே தாராளம் ஒரு பெரு நன்மைக்கும் வழி திறந்தது. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாளன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 21. அதுவே லினக்ஸ். எவரிடமும் அனுமதி பெறாமல், சாதாரணக் கணினி ஒன்றிலே புதியதோர் இயங்குதளத்தைத் துவக்க அந்த மாணவரால் முடிந்தது. பயாஸ் எவரையும் பெயர் கேட்காததே அதற்குக் காரணம்.

தொடக்க காலத்து லினக்ஸ் இரண்டு ஃப்ளாப்பிகளில் அடங்கிற்று. முதல் ஃப்ளாப்பி இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றும். இரண்டாவது ஃப்ளாப்பியிலே அடிப்படைக் கருவிகள் இருக்கும். இந்த ஃப்ளாப்பிகளை ஆக்குவதிலேதான் இருவேறு நெறிகள் தோன்றின. இன்றைய வழிகள் அனைத்தும் இவ்விரண்டின் கிளைகளே ஆதலால், இவற்றைச் சிறிது விளங்கக் காண்போம்.

கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டைப் படியெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஈரத்தாளைக் கல்லின்மீது ஒற்றி மைப்படி எடுப்பது ஒரு வழி. அதிலே எழுத்துகளோடு கல்லின் கீறல், சிதைவு, வரிகளின் இடைவெளி யாவும் உள்ளபடியே பதியும். வாசகத்தைப் படித்து ஏட்டிலே எழுதிக்கொள்வது மற்றொரு வழி. அதிலே பொருள் கிடைக்கும். இடமும் அமைப்பும் மாறிவிடும்.

ஃப்ளாப்பியிலும் அப்படியே. தட்டின் முதற் பைட்டு முதல் இறுதிப் பைட்டு வரை ஒன்றும் பிசகாமல் எழுதுவது முதல் நெறி. யூனிக்ஸ் இயங்குதளத்திலே 1970-களிலிருந்தே வழங்கிவந்த ‘டிடி’ என்னும் கருவியும், டாஸ் இயங்குதளத்திலே வழங்கிய ‘ராரைட்’ என்னும் கருவியும் இதனைச் செய்தன. சாதாரணக் கோப்புகளைத் தட்டிலே படியெடுத்து வைத்துவிட்டு, முதற் பகுதியிலே துவக்க நிரல் ஒன்றைத் தனியே பொருத்துவது இரண்டாம் நெறி. பீட்டர் ஆன்வின் என்பவர் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சிஸ்லினக்ஸ்’ இத்தகையது. மைப்படி நெறியிலே பிழைக்கு இடம் குறைவு; ஆனால் தட்டு முழுவதும் அதற்கே உரியதாகிவிடும். ஏட்டுப்படி நெறியிலே தட்டில் எஞ்சிய இடத்தைப் பிற பணிகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் துவக்க நிரல் சரிவரப் பொருந்தாவிடில் கணினி எழாது.

நிற்க. ஃப்ளாப்பியில் 1.44 மெகாபைட்டுக்கு மேல் இடமில்லை. வளர்ந்துவந்த லினக்ஸுக்கு அது போதவில்லை. குறுந்தகட்டில் இடம் மிகுதி. ஆயினும் பயாஸுக்குக் குறுந்தகட்டிலிருந்து துவங்கத் தெரியாது. 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து இதற்கொரு விதிமுறையை வகுத்தன. ‘எல் டோரிட்டோ’ என்பது அதன் பெயர். கலிபோர்னியாவிலுள்ள ஓர் உணவு விடுதியின் பெயரே விதிமுறைக்கும் பெயராயிற்று. குறுந்தகட்டின் ஒரு பகுதியை ஃப்ளாப்பி போலவே பயாஸுக்குக் காட்டுவது அதிலுள்ள உபாயங்களில் ஒன்று. புதிய பொருள் பழைய வேடம் புனைந்து உள்ளே நுழைந்தது. இவ்வரலாற்றில் இத்தகைய வேடங்களை மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

2000-ஆம் ஆண்டிலே ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் ‘நாப்பிக்ஸ்’ என்னும் லினக்ஸை வெளியிட்டார். ஏறக்குறைய 2 ஜிகாபைட் அளவுள்ள நிரல்களைச் சுருக்கி 700 மெகாபைட் குறுந்தகட்டிலே அடக்கினார். தகட்டை இட்டுக் கணினியைத் துவக்கினால், வன்தட்டைத் தீண்டாமலே முழுமையான லினக்ஸ் இயங்கிற்று. தகட்டை எடுத்துவிட்டால் கணினி பழைய நிலைக்கே திரும்பிற்று. புதிய இயங்குதளத்தைப் பார்க்க விரும்பியவர்க்குப் பழையதை இழக்க நேருமோ என்ற அச்சம் இதனால் நீங்கிற்று. பழுதுற்ற கணினியிலிருந்து கோப்புகளை மீட்பவர்க்கும் அத்தகடு கைகொடுத்தது. எழுதிய தகட்டில் புதிதாக எதையும் சேமித்து வைக்க முடியாது என்பதே அதன் குறை.

இக்குறையை நீக்க வந்தது பென் டிரைவ். யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையின் முதற் பதிப்பு 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. இன்டெல் நிறுவனத்தில் அம்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை தருவது. 2000-ஆம் ஆண்டின் இறுதியிலே 8 மெகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவுகள் விற்பனைக்கு வந்தன. அக்காலத்து யு.எஸ்.பி. இணைப்பின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். ஒரு குறுந்தகட்டின் அளவுள்ள செய்திகளை அனுப்ப ஏறக்குறைய எட்டு நிமிடமாகும். அதே 2000-ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, கொள்கையளவில் நாற்பது மடங்கு வேகம் உடையது.

ஆயினும் பயாஸ் பென் டிரைவை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. சில கணினிகள் அதனை ஃப்ளாப்பியாகக் கருதின. சில வன்தட்டாகக் கருதின. சில அதனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கணினியில் எழுந்த பென் டிரைவ் அடுத்த கணினியில் எழாது போயிற்று. கோப்புகளைப் படியெடுத்துச் சிஸ்லினக்ஸைப் பொருத்தும் ஏட்டுப்படி நெறியே அன்று கைகொடுத்தது. அப்பணியைத் தானே செய்து முடிக்கும் ‘யுநெட்பூட்டின்’ என்னும் கருவி 2007-ஆம் ஆண்டிலே வந்தது.

அடுத்த ஆண்டே, பீட்டர் ஆன்வினின் சிஸ்லினக்ஸ் தொகுப்பிலே ‘ஐஸோஹைபிரிட்’ என்னும் கருவி சேர்ந்தது. குறுந்தகட்டுக்குரிய ஐ.எஸ்.ஓ. அமைப்பிலே முதல் 32 கிலோபைட்டுகள் பயனின்றி விடப்பட்டிருந்தன. வன்தட்டுக்குரிய 512 பைட்டுத் துவக்கப் பகுதியை அவ்வெற்றிடத்திலே இக்கருவி எழுதிவைத்தது. இதன் பயனாக, ஒரே கோப்பைத் தகட்டில் எழுதினால் தகடாகவும், பென் டிரைவில் எழுதினால் வன்தட்டாகவும் பயாஸ் கண்டது. மைப்படி நெறி மீண்டும் உயிர் பெற்றது. இன்று பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகள் இத்தகைய இரட்டை இயல்புடைய கோப்புகளாகவே வருகின்றன.

இதற்கிடையே பயாஸுக்கும் முதுமை வந்தது. அதற்கு மாற்றாக வளர்ந்த யு.இ.எஃப்.ஐ. என்னும் முறையைப் பேணுவதற்கு 2005-ஆம் ஆண்டிலே ஒரு மன்றம் அமைந்தது. புதிய முறைக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். பென் டிரைவின் ‘ஃபேட்’ அமைப்பிலே, குறித்த கோப்புறையில், குறித்த பெயரோடு ஒரு கோப்பு இருந்தால் அதனையே எடுத்து இயக்கும். ஆகவே, சில வேளைகளில் கோப்புகளைப் படியெடுத்தாலே போதும். வேறெதையும் பொருத்த வேண்டியதில்லை. ஃபேட்-32 அமைப்பிலே 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது என்பது மட்டும் ஒரு தடை.

ஆனால் புதிய காவலாளி பெயர் கேட்கவும் கற்றுக்கொண்டான். 2011-ஆம் ஆண்டிலே யு.இ.எஃப்.ஐ. விதிமுறையில் ‘செக்யூர் பூட்’ நன்கு வரையறுக்கப்பட்டது. நம்பத்தக்க கையொப்பமுள்ள நிரலை மட்டுமே இயக்குவது அதன் நோக்கம். 2012-ஆம் ஆண்டிலே விண்டோஸ் 8 வெளிவந்தபோது, அதற்குச் சான்று பெறும் புதிய கணினிகளில் இது கட்டாயமாயிற்று. அவற்றிலே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் திறவிகள் பொதியப்பட்டிருந்தன. பிரெய்ன் போன்ற வைரஸ்களைத் தடுக்க இது வேண்டியதே. ஆயினும், முன்பு ஹெல்சிங்கி மாணவருக்குத் திறந்திருந்த கதவு இனி மற்றவர்க்கு அடைபடுமோ என்ற கவலையும் எழுந்தது. சாதாரண மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உரிமையாளர் இக்காவலை நீக்கிக்கொள்ளலாம் என்று இடமளித்தனர். ஆர்ம் வகைச் சில்லுகளைக் கொண்ட விண்டோஸ் 8 சாதனங்களில் அவ்விடமும் அளிக்கப்படவில்லை. லினக்ஸ் அறிஞர்கள் மற்றொரு வழி கண்டனர். ‘ஷிம்’ என்னும் சிறு நிரலுக்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெறுவது. அந்த ஷிம் பின்னர் லினக்ஸின் கையொப்பங்களைச் சரிபார்ப்பது. மாத்யூ காரெட் முதலியோரின் இம்முயற்சியால் கதவு அடைபடாமல் நின்றது.

இனி, தேர்வுக்கு வருவோம். ஒரே ஒரு லினக்ஸை நிறுவவேண்டும் அல்லது பார்க்கவேண்டும் என்பவர்க்கு மைப்படி நெறியே ஏற்றது. லினக்ஸிலே டிடி கருவியும், எவ்வகைக் கணினியிலும் இயங்கும் ‘எட்சர்’ என்னும் கருவியும் இதனைச் செய்யும். எழுதியபின் மீண்டும் படித்து ஒப்புநோக்குவது எட்சரின் சிறப்பு. எழுதிய பென் டிரைவை விண்டோஸில் இட்டால், ‘இதனை ஃபார்மட் செய்யவேண்டும்’ என்று அது கேட்கக்கூடும். பழுது என்று அஞ்சவேண்டாம். வேறு அமைப்பு இருப்பதால் விண்டோஸுக்கு அது விளங்கவில்லை, அவ்வளவே.

விண்டோஸிலே 2011-ஆம் ஆண்டு முதல் வழங்கும் ‘ரூஃபஸ்’ என்னும் கருவி இரு நெறிகளையும் அறியும். எது வேண்டும் என்று நம்மையே கேட்கும். கோப்பு முறையைத் தேர்ந்தால் எஞ்சிய இடம் நமக்குப் பயன்படும். சில லினக்ஸ் வெளியீடுகள் தம் தட்டின் பெயரைத் தேடியே துவங்குவன. ஃபேட் அமைப்பிலோ பெயருக்குப் பதினொரு எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. அவ்வாறு பெயர் பொருந்தாமல் துவக்கம் தடைப்பட்டால் மைப்படி நெறிக்கு மாறுவதே முறை.

பல கணினிகளைச் சீர்செய்யும் தொழிலாளருக்கும், பலவகை லினக்ஸ்களைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் 2020-ஆம் ஆண்டிலே வந்த ‘வென்டாய்’ உதவும். அதனை ஒருமுறை பென் டிரைவில் நிறுவிவிட்டால், பின்னர் ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளைப் போலவே படியெடுத்து வைக்கலாம். துவக்கும்போது பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் நமக்கும் லினக்ஸுக்கும் இடையே மூன்றாமவர் நிரல் ஒன்று அமர்கிறது என்பதை மறக்கலாகாது.

தம் கோப்புகளையும் அமைப்புகளையும் பென் டிரைவிலேயே காத்துவைக்க விரும்புவோர், சேமிப்புப் பகுதியுடன் அதனை ஆக்கவேண்டும். அடிக்கடி எழுதுவதால் மலிவான பென் டிரைவ் விரைவில் தேய்ந்துபோகும்; முக்கியமான கோப்புகளுக்கு வேறு படியும் இருத்தல் நலம். இதற்கு நேர்மாறாக, 2009-ஆம் ஆண்டில் தோன்றிய ‘டெயில்ஸ்’ என்னும் லினக்ஸ், வேண்டுமென்று அமைத்தாலன்றி எதையும் நினைவில் வைப்பதில்லை. தடயமின்றிப் பணியாற்றவேண்டிய பத்திரிகையாளர் முதலியோர்க்கு அந்த மறதியே பாதுகாப்பு.

எவ்வழியைத் தேர்ந்தாலும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று: டிடி கருவி கேள்வி கேட்காது. பென் டிரைவின் பெயருக்குப் பதிலாக வன்தட்டின் பெயரைக் கொடுத்துவிட்டால், பல்லாண்டுச் சேமிப்பும் சில நொடிகளில் அழியத் தொடங்கும். கட்டளையிடுமுன் தட்டின் பெயரையும் கொள்ளளவையும் இருமுறை சரிபார்த்தல் வேண்டும். இரண்டு: எழுதி முடிந்தது போல் தோன்றினும், சில பகுதிகள் இன்னும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். முறைப்படி விடுவித்த பின்னரே பென் டிரைவை எடுக்கவேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை எல்லாவற்றினும் பெரிது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாளன்று, பலரும் விரும்பும் லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்தை ஊடுருவியோர், அங்கிருந்த இணைப்பை மாற்றி, கள்ள வழி பொதிந்த ஐ.எஸ்.ஓ. கோப்புக்குத் திருப்பிவிட்டனர். அதை எடுத்தவர்கள், தம் கையாலேயே பகைவனுக்குத் திறவுகோலைக் கொடுக்கும் நிலைக்கு உள்ளாயினர். ஆகவே, கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர் தந்த எண்ணோடு ஒப்பிடவேண்டும். தளத்தையே கைப்பற்றியவன் அவ்வெண்ணையும் மாற்றிவிடக்கூடும் ஆதலால், வெளியிட்டோரின் மின்கையொப்பத்தையும் சரிபார்ப்பதே முழுமையான காப்பு. இதற்குச் செலவாவது சில நிமிடங்களே.

நம் நாட்டுக்கு இப்பொருள் அயலானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டிலே ‘பாஸ்’ என்னும் லினக்ஸை இந்திய மொழிகளின் பொருட்டு வெளியிட்டது. கேரளத்துப் பள்ளிகளிலே லினக்ஸ் பாடத்தின் அங்கமாகவே வளர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திற்று. அடுத்த பதிப்புக்குத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட கணினிகள் எத்தனையோ பள்ளிகளிலும் வீடுகளிலும் நூலகங்களிலும் இருக்கின்றன. அவற்றின் மின்சுற்றும் திரையும் இன்னும் நன்றாகவே உள்ளன. அவை குப்பைக்குப் போவதா, மாணவர் கைக்குப் போவதா என்பதைச் சில நூறு ரூபாய்ப் பென் டிரைவ் ஒன்றும், அதனைச் சரியாக எழுதத் தெரிந்த ஒருவரும் தீர்மானிக்கக்கூடும்.

அன்று சுவிட்சுகளைத் தட்டி முதற் கட்டளையை இட்டவர், தாம் இடுவது இன்னதென்று அறிந்தே இட்டார். அக்கட்டளைத் தொடர் இன்று பென் டிரைவுக்குள் அடங்கி நம் சட்டைப் பையில் இருக்கிறது. எந்த முறையில் எழுதினோம், யார் தந்ததை எழுதினோம் என்னும் இரண்டையும் அறிந்து எழுதுவோமாயின், பொறியின் முதல் அடி நம் கையிலேயே இருக்கும்.